"உங்க இங்கிலீஷ் நல்லா இருக்கு": ஃபனானின் முதல் அத்தியாயத்தை மறுபடி வாசித்தபோது

முதலில் ஒரு வாக்குமூலம்.

சில வருடங்களுக்கு முன்பு பெங்களூரில் ஒரு கருத்தரங்கு. நைஜீரியாவிலிருந்து வந்திருந்த ஆய்வு மாணவர் ஒருவர் நகர்ப்புறக் குடிநீர் பற்றி இருபது நிமிடம் பேசினார். நல்ல கட்டுரை. தேநீர் இடைவேளையில் அவரிடம் போய்க் கை குலுக்கினேன். நான் சொன்ன முதல் வாக்கியம் இதுதான்: "உங்க இங்கிலீஷ் ரொம்ப நல்லா இருக்கு." ஆங்கிலத்தில்தான் சொன்னேன். அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே, "உங்களுடையதும்தான்" என்றார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ராத்திரி அறைக்குத் திரும்பிய பிறகுதான் உறைத்தது. நைஜீரியாவின் ஆட்சிமொழி ஆங்கிலம். அந்த மனிதர் உயர்கல்வி முழுக்க அதில்தான் படித்திருப்பார். குடிநீர் பற்றி அவர் சொன்னதில் ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை. அதே அரங்கில் காலையில் ஒரு டச்சுக்காரரும் பேசினார். அவரிடம் போய்த் தரவுகளை எப்படிச் சேகரித்தீர்கள் என்றுதான் கேட்டேன். அவருடைய ஆங்கிலத்தைப் பாராட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இந்தச் சின்ன அவமானம்தான் ஃப்ரான்ஸ் ஃபனானின் 'கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்' நூலைத் திரும்ப எடுக்க வைத்தது. கல்லூரிக் காலத்தில் ஒருமுறை படித்து, அங்கங்கே அடிக்கோடு போட்டு, "ஆதிக்கவாதியின் மொழி அடிமைப்பட்டவனின் மனதைப் பிடித்துக்கொள்கிறது" என்று ஓரத்தில் குறிப்பு எழுதி வைத்திருந்தேன். பல பேர் அந்த நூலின் முதல் அத்தியாயத்தை இப்படித்தான் சுருக்குகிறார்கள். இப்போது படிக்கும்போது அந்தக் குறிப்பு பாதி உண்மைதான் என்று படுகிறது. மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நூல் வந்த கதை

ஃபனான் 1925ல் மார்த்தினிக் தீவில் பிறந்தார். கரீபியக் கடலில் இருக்கும் அந்தத் தீவு அப்போது பிரெஞ்சுக் காலனி. அங்கே அடிமைமுறை ஒழிந்தது 1848ல். 1946ல் அந்தத் தீவு பிரான்சின் ஒரு மாவட்டமாகவே ஆக்கப்பட்டது. கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகளும் பிரெஞ்சு முதலாளிகளும் சேர்ந்து வாழ நேர்ந்ததில் பிறந்த மொழி கிரியோல். வீட்டிலும் சந்தையிலும் அதுதான். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு.

இரண்டாம் உலகப் போரில் ஃபனான் சுதந்திர பிரெஞ்சுப் படையில் சேர்ந்து சண்டை போட்டார், காயம் பட்டார், பதக்கமும் வாங்கினார். போர் முடிந்ததும் லியோனில் மருத்துவம் படித்தார். இந்த நூலைத்தான் பட்டத்துக்கான ஆய்வேடாகக் கொடுக்க நினைத்தார்; அது ஏற்கப்படவில்லை. 1951ல் ஒரு பரம்பரை நரம்பு நோயைப் பற்றி வேறொரு ஆய்வேட்டை எழுதிக் கொடுத்துப் பட்டத்தை வாங்கிக்கொண்டார். மறு வருடம், 1952ல், இது பாரீஸில் நூலாக வந்தது. அவருக்கு வயது முப்பதைத் தொடவில்லை.

ஒரு தகவலை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த நூலை ஃபனான் கையால் எழுதவில்லை. அறைக்குள் நடந்துகொண்டே அவர் சொல்லச் சொல்ல, பின்னாளில் மனைவியான ஜோசி தட்டச்சு செய்தார். மொழியைப் பற்றிய இந்த அத்தியாயம் பேசிப் பேசி உருவானது. மேடைப் பேச்சின் வேகம், நடுவில் ஒரு நையாண்டி, திடீரென்று ஒரு கோபம், பிறகு மருத்துவரின் நிதானம். வாசிக்கும்போது இது தெரியும்.

கரையேறி வந்தவர்

அத்தியாயத்தின் முதல் பகுதி முழுக்க மார்த்தினிக்காரர்களைப் பற்றியது. படிக்கச் சிரிப்பாக இருக்கும். பிரான்சுக்குக் கப்பலேறுகிறவனுக்கு ஒரு பயம்: 'ர'வை விழுங்குகிறவர்கள் என்று மார்த்தினிக்காரர்களுக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. அதனால் அறைக்குள் உட்கார்ந்து 'ர'வை உருட்டிப் பழகுகிறான். துறைமுகத்தில் இறங்கி ஒரு மதுக்கடைக்குப் போய்ப் பரிசாரகரைக் கூப்பிடும்போது அந்த ஒரு சொல்லில் 'ர' அமர்க்களமாக உருளுகிறது. அடுத்து பீர் கேட்கும்போது பழைய நாக்கு வந்துவிடுகிறது. கையிருப்பில் இருந்த 'ர'வையெல்லாம் முதல் சொல்லிலேயே செலவழித்துவிட்டான் என்று ஃபனான் கிண்டல் செய்கிறார்.

திரும்பி வருகிறவன் கதை இன்னும் மோசம். கிரியோல் மறந்துவிட்டது போல நடந்துகொள்வான். பேசினால் பிரெஞ்சுதான். தீவில் புழங்கும் ஒரு கதையை ஃபனான் சொல்கிறார். சில மாதம் பிரான்சில் இருந்துவிட்டு வந்த குடியானவர் வீட்டுப் பையன், வீட்டில் கிடந்த உழவுக் கருவியைக் காட்டி, "இதுக்குப் பேரு என்ன?" என்று அப்பாவைக் கேட்கிறான். அப்பா பதில் பேசவில்லை. அதைத் தூக்கி அவன் காலில் போடுகிறார். மறந்துபோனதெல்லாம் அந்த நிமிடமே ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது.

இதற்கு அடியில் ஓர் ஏணி இருக்கிறது. பிரெஞ்சு நன்றாக வந்தால் வெள்ளையருக்குப் பக்கத்தில். வராவிட்டால் ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில். மார்த்தினிக்காரனைச் செனகல்காரன் என்று யாராவது நினைத்துவிட்டால் அவனுக்குப் பொல்லாத கோபம் வரும். அதே நேரம், செனகல்காரர் சிலர் கிரியோல் கற்றுக்கொண்டு தங்களை மார்த்தினிக்காரர் என்று காட்டிக்கொள்ளப் பார்க்கிறார்கள். தோலின் நிறம் இருவருக்கும் ஒன்றுதான். மேலே ஏற இருப்பது நாக்கு மட்டுமே.

பெரும்பாலான வாசகர்கள் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் நிறுத்தியிருந்தேன். தாழ்வு மனப்பான்மை, தாய்மொழியைப் பார்த்து வெட்கம், வெள்ளை முகமூடி. விஷயம் முடிந்தது. இப்படிப் படித்தால் கோளாறு முழுக்கக் கறுப்பர் மனதுக்குள் இருக்கிறது. அவர் வெட்கப்படுவதை நிறுத்தினால் சரியாகிவிடும் என்ற முடிவுக்குத்தான் வர முடியும். ஃபனான் அங்கே நிறுத்தவில்லை.

உடைந்த பிரெஞ்சு யாருடைய தயாரிப்பு?

நடுவில் அவர் திரும்பி வெள்ளையரைப் பார்க்கிறார், அதுவும் தன் சொந்தத் தொழிலில் இருப்பவர்களை. மருத்துவமனையில் ஐரோப்பிய நோயாளிகள் ஒவ்வொருவராக வருகிறார்கள். மருத்துவர் மரியாதையாக உட்காரச் சொல்கிறார், என்ன செய்கிறது என்று விசாரிக்கிறார். அடுத்து ஒரு கறுப்பரோ அரபியரோ வந்தால் மருத்துவரின் மொழி மாறிவிடுகிறது. வேற்றுமை உருபு இல்லாமல், வினை முற்றாமல், குழந்தையிடம் பேசுவது மாதிரி. நம் ஊர் வழக்கில் சொன்னால், "நீ உக்காரு. எங்கே வலி?" என்பது போல. இந்த உடைந்த பிரெஞ்சுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயரே 'பெத்தி நேக்ர்'. 'குட்டி நீக்ரோ' என்று அர்த்தம்.

கேட்டால், "மனசைப் புண்படுத்தணும்னு இல்லை, அவருக்குப் புரியணும்னுதான்" என்பார்கள். ஃபனான் இதை மறுக்கவில்லை. கெட்ட எண்ணம் இல்லை என்பதே உண்மையாக இருக்கலாம். அதுதான் பிரச்சினை என்கிறார். யோசிக்காமல், கேட்காமல், ஆளைப் பார்த்தவுடனே இவனுக்கு இவ்வளவுதான் என்று ஒரு மொழியைத் தூக்கிக் கொடுத்துவிடுகிற அலட்சியம்.

அவர் சொல்கிற ஒப்பீடு எனக்கு இந்த அத்தியாயத்திலேயே மிக முக்கியமாகப் படுகிறது. பிரெஞ்சு சரியாக வராத ஜெர்மானியரோ ரஷ்யரோ வந்தால், கைஜாடை காட்டியாவது புரியவைக்கப் பார்ப்பார்கள். ஆனால் அவருக்கென்று ஒரு மொழி இருக்கிறது, ஒரு நாடு இருக்கிறது, அவர் ஊரில் வக்கீலாகவோ இஞ்சினியராகவோ இருக்கலாம் என்பதை மறப்பதில்லை. கறுப்பர் முன்னால் இந்த ஞாபகம் வருவதே இல்லை. அவர் பிரெஞ்சுக்குப் பின்னால் வேறு ஒன்றுமே கிடையாது என்பது போல நடந்துகொள்கிறார்கள். எனக்கு டச்சுக்காரர் ஞாபகம் வந்தது இந்த இடத்தில்தான்.

லியோனில் ஆசிரியராக இருந்த அஷீல் என்ற மார்த்தினிக்காரர் சொன்ன சம்பவமும் இங்கே வருகிறது. ஒரு புனித யாத்திரைக் கூட்டத்தில் இவர் ஒருவரே கறுப்பர். ஒரு பாதிரியார் நெருங்கி வந்து, உடைந்த பிரெஞ்சில் அன்பாக விசாரிக்கிறார். அஷீல் மிகச் சுத்தமான, மிகப் பணிவான பிரெஞ்சில் பதில் சொல்கிறார். சுற்றி இருந்தவர்களுக்குச் சிரிப்பு.

இந்த இடத்தில் ஃபனான் சொல்லாத ஒன்றைச் சேர்க்க வேண்டும். இந்தப் 'பெத்தி நேக்ர்' கறுப்பர் வாயில் தானாக மட்டும் வந்ததில்லை. முதல் உலகப் போரில் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பிரெஞ்சு ராணுவத்தில் சேர்க்கப்பட்டவர்களை, எந்த நாட்டுக்காரராக இருந்தாலும், 'செனகல் துப்பாக்கி வீரர்கள்' என்று ஒரே பெயரில் அழைத்தார்கள். அவர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று கற்றுக்கொடுக்க 1916ல் பாரீஸில் ஒரு ராணுவக் கையேடு அச்சாயிற்று. பால் வேறுபாடு வேண்டாம், வினையைத் திரிக்காமல் அப்படியே வையுங்கள் என்று அதில் விதிகள் இருந்தன. உடைந்த மொழிக்கு ஓர் இலக்கணப் புத்தகம்! அதற்கு ஒரு வருடம் முன்புதான், 1915ல், பனானியா என்ற சத்துமாவின் விளம்பரத்தில் சிரித்த முகத்தோடு ஒரு செனகல் வீரன் வந்தான், கூடவே அதே உடைந்த பிரெஞ்சில் ஒரு வாசகமும். அந்தப் படம் பல பத்தாண்டுகள் பிரான்சின் காலை உணவு மேசைகளில் இருந்தது. ஒரு பக்கம் ராணுவம் அந்த மொழியைக் கற்றுக்கொடுக்கிறது. இன்னொரு பக்கம் டப்பாவின் மேல் அதையே ஒட்டிச் சிரிக்கிறார்கள்.

லூசி கூத்துரியே என்ற ஓவியர் தெற்கு பிரான்சில் ஃப்ரெஜுஸ் ராணுவ முகாமுக்குப் பக்கத்தில் வசித்தவர். அங்கிருந்த ஆப்பிரிக்க வீரர்களைத் தன் வீட்டுக்கு அழைத்து ஒழுங்கான பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து, அந்த அனுபவத்தை 1920ல் நூலாக எழுதினார். முகாமில் தங்களுக்குக் கிடைத்த பிரெஞ்சு, வெளியே போனால் சிரிப்பை வாங்கித் தருகிற பிரெஞ்சு என்பதை அந்த வீரர்கள் நன்றாகவே உணர்ந்திருந்தார்கள் என்று அதில் தெரிகிறது. ஃபனானின் வாதத்துக்கு இதைவிட நல்ல சான்று இருக்க முடியுமா என்று தெரியவில்லை.

சரி, நன்றாகப் பேசினால்?

அப்படியானால் நல்ல பிரெஞ்சு பேசிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? இங்கேதான் பொறியின் இரண்டாவது வாய் திறக்கிறது.

மார்த்தினிக்கின் பெரும் கவிஞர் எமே செசேர். பாரீஸில் மிக உயர்ந்த கல்வி நிலையங்களில் படித்தவர், பின்னாளில் பல பத்தாண்டுகள் ஃபோர்-த-ஃப்ரான்ஸ் நகர மேயர். 1941ல் நாஜிகளிடமிருந்து தப்பிக் கப்பலில் போன ஆந்த்ரே பிரெத்தோன் மார்த்தினிக்கில் இறங்கியபோது தற்செயலாகச் செசேரின் எழுத்தைப் படித்து அசந்துபோனார். பிறகு அவரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மனதாரப் பாராட்டிய கட்டுரை. அதில் ஓரிடத்தில், இன்றைக்கு எந்த வெள்ளையராலும் முடியாத அளவுக்கு இந்தக் கறுப்பர் பிரெஞ்சைக் கையாளுகிறார் என்ற பொருளில் எழுதிவிட்டார். ஃபனான் அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொள்கிறார். பிரெத்தோன் சொல்வது உண்மையாகவே இருக்கட்டும். அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? செசேர் மார்த்தினிக்காரர், பல்கலைக்கழகத்தில் படித்தவர். எழுதாமல் இருந்திருந்தால்தானே ஆச்சரியம்?

பிரெத்தோன் எதிரி இல்லை; காலனி ஆதிக்கத்தை எதிர்த்தவர். அதனால்தான் இந்த உதாரணம் வலிக்கிறது. பாராட்டுக்குள்ளேயே ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது: "உன்னிடம் இதை நான் எதிர்பார்க்கவில்லை." தப்பாகப் பேசினால், "பார்த்தியா, இவ்வளவுதான்." சரியாகப் பேசினால், "அட, இவனா?" இரண்டு பதிலும் பேசுகிறவர் வாயைத் திறப்பதற்கு முன்பே தயாராகிவிட்டன. பேசியது என்ன என்பது இரண்டிலுமே காணாமல் போகிறது.

ஃபனான் வாழ்க்கையிலேயே இதற்கு ஒரு காட்சி உண்டு. இந்த நூலின் கைப்பிரதியைப் படித்த பதிப்பாசிரியர் பிரான்சிஸ் ஜான்சோன் அவரை அழைத்துப் பாராட்டத் தொடங்கினார். ஃபனான் நடுவில் வெட்டி, ஒரு நீக்ரோ எழுதினதுக்குப் பரவாயில்லை என்கிறீர்களா என்பது போலக் கேட்டார். ஜான்சோனுக்குக் கோபம் வந்து வெளியே போகச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் இருவரும் ஒருவரையொருவர் மதிக்கத் தொடங்கினார்கள். நூலுக்கு முன்னுரை எழுதியவரும் ஜான்சோன்தான். ஜான்சோன் பக்கம் நியாயம் இருக்கிறது. அவர் உண்மையாகவே நூலைத்தான் பாராட்டினார். ஆனால் ஃபனானுக்கு அதை எப்படித் தெரிந்துகொள்வது? இனவாதம் மொழிக்குச் செய்கிற பெரிய சேதம் இதுதான் என்று நினைக்கிறேன். நேர்மையான பாராட்டையும் மற்றதையும் பிரித்துப் பார்க்கிற வசதியை அது ஒருவரிடமிருந்து பிடுங்கிவிடுகிறது.

ஒரு தலைப்புத் தகராறு

எனக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆங்கில மொழிபெயர்ப்புகள் வழியாகத்தான் படித்தேன். முதல் மொழிபெயர்ப்பு 1967ல் சார்ல்ஸ் லாம் மார்க்மன் செய்தது. அடுத்தது 2008ல் ரிச்சர்ட் பில்காக்ஸ் செய்தது. ஐந்தாம் அத்தியாயத்தின் பிரெஞ்சுத் தலைப்புக்கு 'கறுப்பர் வாழ்ந்துணர்ந்த அனுபவம்' என்று அர்த்தம். மார்க்மன் இதைக் 'கறுப்பு என்கிற உண்மை' என்ற பொருள் வரும்படி மாற்றிவிட்டார். ஆங்கில உலகம் நாற்பது வருடம் இந்தத் தலைப்போடுதான் ஃபனானைப் படித்தது. கறுப்பு என்பது கல் மாதிரி கிடக்கிற உண்மை இல்லை, ஒருவர் இன்னொருவரைப் பார்க்கிற பார்வையில் உண்டாக்கப்படுவது என்பதுதான் அந்த அத்தியாயத்தின் வாதமே. தலைப்பு அதற்கு நேர் எதிர்த் திசையில் கைகாட்டுகிறது. பில்காக்ஸ் அதைத் திருத்தினார்.

தமிழில் குறிப்பு எழுதும்போது என் பங்குக்கு நானும் திணறினேன். பிரெஞ்சில் 'நுவார்', 'நேக்ர்' என்று இரண்டு சொற்கள். முதலாவது நிறத்தைச் சொல்வது, இரண்டாவது அடிமை வியாபாரத்தின் நாற்றம் அடிப்பது. ஃபனான் இரண்டுக்கும் நடுவே தெரிந்தே தாவிக்கொண்டிருக்கிறார். நம் பழைய பத்திரிகைகளில் 'நீக்ரோ' என்ற சொல் சாதாரணமாகப் புழங்கியது, எந்த உறுத்தலும் இல்லாமல். 'கறுப்பர்' என்று எழுதலாம். ஆனால் கருப்பையா, கருப்பாயி என்று பிள்ளைக்குப் பெயர் வைத்துவிட்டு, கல்யாணத்துக்குச் 'சிவப்பான பொண்ணு' தேடுகிற மொழி நம்முடையது. அந்தச் சொல் நம்மிடம் வரும்போது காலியாக வருவதில்லை. அதனால் வெள்ளையர் வசைச்சொல்லாகச் சொல்லும் இடங்களில் மட்டும் 'நீக்ரோ' என்றும், மற்ற இடங்களில் 'கறுப்பர்' என்றும் வைத்துக்கொண்டேன். இது முழுத் தீர்வு இல்லை என்று எனக்கே தெரியும்.

எனக்கு ஒப்பாத இடங்கள்

இவ்வளவு சொன்ன பிறகு, ஃபனானோடு எனக்கு இருக்கும் சண்டையையும் சொல்லிவிட வேண்டும்.

ஒன்று, கிரியோல். இந்த அத்தியாயத்தில் கிரியோல் எப்போதுமே ஒரு படிக்கட்டு. பிரெஞ்சுக்குக் கீழே, 'பெத்தி நேக்ர்' மொழிக்கு மேலே. வீட்டில் கிரியோல் பேசினால் அம்மா திட்டுவார், நடுத்தர வர்க்கம் வேலைக்காரர்களிடம் மட்டும் அதைப் பேசும் என்று அவர் சொல்வது சரியான கவனிப்பு. ஆனால் அது ஒருவர் யோசிக்கிற, சண்டை போடுகிற, ஒப்பாரி வைக்கிற முழுமையான மொழி என்ற எண்ணம் எங்கேயும் தலைகாட்டுவதில்லை. பாருங்கள், வேடிக்கை என்னவென்றால், இந்த அத்தியாயத்தின் மிகக் கூர்மையான கிண்டல்கள் எல்லாம் கிரியோல் பேசுகிறவர்களுடையது. மகன் காலில் கருவியைப் போட்ட அப்பா யார்? 1945 தேர்தல் கூட்டத்தில் செசேர் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் மயங்கி விழுந்தாராம். பேசின பிரெஞ்சு அவ்வளவு சூடாக இருந்ததால்தான் விழுந்தாள் என்ற மாதிரி மறுநாள் ஃபனானின் நண்பர் ஒருவர் சொன்னார், அதுவும் கிரியோலில். பிரெஞ்சு மோகத்தை ஃபனானுக்கு முன்பே பார்த்துச் சிரித்துவிட்ட மொழி அது. அந்தச் சிரிப்பை எடுத்துக்கொண்டவர், அதைத் தந்த மொழிக்கு நன்றி சொல்ல மறந்துவிட்டார்.

இந்தக் குறையைப் பின்னால் வந்த மார்த்தினிக்காரர்களே பேசினார்கள். 1989ல் ழான் பெர்னாபே, பாத்ரிக் ஷமுவாசோ, ரஃபாயல் கோன்ஃபியான் மூவரும் கிரியோல் தன்மையைப் போற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். கிரியோல் ஊடுருவிய பிரெஞ்சில் ஷமுவாசோ எழுதிய 'டெக்ஸாக்கோ' நாவலுக்கு 1992ல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. 1853 முதல் முப்பது வருடங்களில் சுமார் 25 ஆயிரம் இந்தியர்கள் மார்த்தினிக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். காரைக்கால், புதுச்சேரி வழியாகப் போன தமிழர்கள் அதில் நிறைய. அவர்களுடைய பேரன் பேத்திகளுக்குத் தமிழ் வழிபாட்டுச் சடங்குகளில் மட்டும் மிஞ்சியது, பேச்சு கிரியோலாகிவிட்டது. அவர்களுக்கும் அது ஏணியின் ஒரு படி மட்டுமா? இருக்க முடியாது.

இரண்டு, அந்தக் 'கரையேறி வந்தவன்' மேல் ஃபனான் காட்டுகிற கேலி. பொறி கேட்பவர் காதில் இருக்கிறது என்று நிரூபித்தவரே, பக்கம் பக்கமாகச் சிரிப்பது பேசுகிறவர் வாயைப் பார்த்துத்தான். 'ர'வை உருட்டிப் பழகியவன் முட்டாள் இல்லை. வாசலில் என்ன கட்டணம் கேட்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு சில்லறை சேர்த்தவன்.

மூன்றாவதை ஃபனானின் வாழ்க்கையே எழுப்புகிறது. 1953ல் அல்ஜீரியாவின் பிளிடா மனநல மருத்துவமனைக்கு அவர் பொறுப்பு மருத்துவராகப் போனார். அங்கே முஸ்லிம் ஆண்கள் வார்டில் இருந்தவர்கள் பேசியது அரபு அல்லது கபில் மொழி. ஃபனானுக்கு இரண்டும் தெரியாது. மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டுதான் பேசினார். ஐரோப்பியப் பெண்கள் வார்டில் நன்றாக நடந்த சிகிச்சை முறைகள் இங்கே படுத்துவிட்டன. இந்தத் தோல்வியைப் பற்றி ழாக் அசூலே என்ற இளம் மருத்துவரோடு சேர்ந்து 1954ல் ஒரு கட்டுரை எழுதினார். அந்த நோயாளிகள் அதுவரை மொழிபெயர்ப்பாளரைச் சந்தித்தது அரசு அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும்தான். மருத்துவமனையிலும் ஒருவர் நடுவில் நின்றால் அவர்களுக்குச் சந்தேகம்தான் வரும் என்பதை அதில் ஒத்துக்கொண்டார்கள். பிறகு வார்டில் காபிக்கடை வைத்தார்கள், அவர்களுடைய பண்டிகைகளைக் கொண்டாடினார்கள், கதைசொல்லியை வரவழைத்தார்கள்.

லியோன் மருத்துவர்களைக் கிழித்தவர், இரண்டே வருடத்தில் அதே நாற்காலியில் உட்கார்ந்து, நோயாளியின் மொழி புரியாமல் விழித்திருக்கிறார். இதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. கோளாறு நோயாளியிடம் இல்லை, நம் கேட்கும் முறையில் இருக்கிறது என்று அவர் எழுத்தில் ஒத்துக்கொண்டார். முதல் அத்தியாயத்தின் உண்மையான தொடர்ச்சி அந்த மருத்துவக் கட்டுரைதான் என்பது என் கணிப்பு.

சாட்சிக்கூண்டு

"இதெல்லாம் எழுபது வருஷத்துக்கு முந்தைய பிரெஞ்சுக் கதை, இப்ப எதுக்கு?" என்று நீங்கள் கேட்கலாம். அதனால் நம் காலத்தில் நடந்த ஒன்று.

2012 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ட்ரேவன் மார்ட்டின் என்ற 17 வயதுக் கறுப்பினப் பையன் சுட்டுக் கொல்லப்பட்டான். ஆயுதம் எதுவும் இல்லாமல் நடந்து போனவன். அவனுடைய கடைசி நிமிடங்களில் ஒரு தோழி போனில் அவனோடு பேசிக்கொண்டிருந்தாள். அடுத்த வருடம் வழக்கு நடந்தபோது அவளுக்கு வயது 19. அவள்தான் முக்கியமான சாட்சி. இரண்டு நாட்களில் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் கூண்டில் நின்றாள்.

அவள் பேசியது கறுப்பின அமெரிக்கர் ஆங்கிலம். அது உடைந்த ஆங்கிலம் இல்லை, தனி இலக்கணம் உள்ள வழக்கு. ஓர் உதாரணம்: 'ஹி வொர்க்கிங்' என்றால் இப்போது வேலை செய்துகொண்டிருக்கிறான், 'ஹி பி வொர்க்கிங்' என்றால் வழக்கமாக வேலைக்குப் போகிறவன். இரண்டையும் மாற்றிச் சொன்னால் அந்த வழக்கில் தப்பு. அவள் தாய் வழியில் ஹைட்டி கிரியோலும் பேசுவாள், ஸ்பானிஷும் தெரியும். மூன்று மொழிக்காரியை நாடு முழுக்கத் தொலைக்காட்சியிலும் இணையத்திலும் படிப்பறிவில்லாதவள் என்று கிண்டல் செய்தார்கள்.

ஆறு பேர் கொண்ட ஜூரியில் ஒரு கறுப்பர்கூட இல்லை. அவள் பேசுவதைப் புரிந்துகொள்வது கஷ்டமாக இருந்தது, நம்பும்படி இல்லை என்று ஒரு ஜூரர் பிறகு சொன்னார். சுட்டவர் 2013 ஜூலையில் விடுதலை ஆனார். ஜான் ரிக்ஃபோர்ட், ஷரீஸ் கிங் என்ற மொழியியலாளர்கள் அவளுடைய சாட்சியத்தை வரிவரியாக ஆராய்ந்து 2016ல் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார்கள். பதினாறு மணி நேரத்துக்கும் மேல் நடந்த ஜூரி கலந்தாலோசனையில் அவள் சாட்சியம் பேசப்படவே இல்லை என்று ஒரு ஜூரர் சொன்னதையும் அதில் குறிப்பிடுகிறார்கள். எல்லாவற்றையும் காதால் கேட்ட ஒரே ஆள் சொன்னது, யார் காதிலும் விழவில்லை.

2020ல் வந்த ஓர் ஆய்வு, ஐந்து பெரிய நிறுவனங்களின் பேச்சு அறியும் மென்பொருட்களைச் சோதித்தது. வெள்ளையர் பேச்சில் நூற்றுக்குச் சராசரி 19 சொற்கள் தவறாயின; கறுப்பர் பேச்சில் 35. இயந்திரத்துக்கு வன்மம் கிடையாது. யாருடைய பேச்சைக் கொடுத்து அதைப் பழக்கினார்களோ அந்தக் காதுதான் அதற்கு வாய்த்திருக்கிறது. கெட்ட எண்ணம் இல்லை என்ற அந்த மருத்துவரின் சமாதானத்தை இங்கே ஞாபகப்படுத்திக்கொள்ளலாம்.

முடிக்கும் முன்

மொழி அடையாளத்தை உருவாக்குகிறது என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஃபனானின் முதல் அத்தியாயம் என்னிடம் கேட்பது அதைவிடச் சங்கடமான கேள்வி: கேட்கிறவர் யார்? ஒருவர் பேசுவதற்கு முன்பே அவருக்கு என்ன மொழி வரும் என்று நான் முடிவு செய்துவிட்டேனா? இந்தக் கேள்வியைக் கேட்க ஒருவர் வெள்ளையராக இருக்க வேண்டியதில்லை. இரவல் வாங்கின காது போதும். என்னுடையது அப்படிப்பட்ட காதுதான் என்று அந்தத் தேநீர் இடைவேளையில் தெரிந்தது.

பின்குறிப்பு: அந்த நைஜீரிய நண்பரின் கட்டுரை போன வருடம் அச்சில் வந்தது. தேடிப் படித்தேன். லாரித் தண்ணீர் வியாபாரம் பற்றி அதில் ஒரு பகுதி இருக்கிறது. என்னிடம் நான்கு கேள்விகள் இருக்கின்றன. ஒரு மின்னஞ்சல் எழுதி வைத்திருக்கிறேன். அவருடைய ஆங்கிலம் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.